மூங்கில் பள்ளத்துக்கு வந்த சொல்

மூங்கில் பள்ளம் என்ற காட்டில் காட்டுமாடுகள் கூட்டமாக வாழ்ந்தன. கரிய உடம்பு. முழங்கால்வரை வெள்ளை. அவை நடந்து வந்தால் கரடிகூட ஒதுங்கி வழிவிடும். ஆனால் அவற்றுக்கும் ஒரு பயம் இருந்தது. செந்நாய்!

ஒற்றைச் செந்நாய் வந்தால் காட்டுமாடு ஒரே முட்டில் தூக்கி எறிந்துவிடும். ஆனால் செந்நாய் ஒற்றையாக வராது. இருபது சேர்ந்துதான் வரும். வந்தால் பெரிய மாட்டைத் திரும்பியும் பார்க்காது. கன்று எங்கே என்றுதான் தேடும்.

அதற்காகக் காட்டுமாடுகள் ஒரு வழக்கம் வைத்திருந்தன. செந்நாயின் சீழ்க்கை கேட்டதும் தலைப்பசு "கூடு!" என்று ஒரு குரல் கொடுக்கும். உடனே பெரிய மாடுகள் எல்லாம் விலாவோடு விலா ஒட்டி வட்டமாக நின்றுவிடும். கொம்புகள் வெளியே பார்க்கும். கன்றுகள் வட்டத்துக்கு நடுவில் இருக்கும். அவ்வளவுதான். நாய்கள் சுற்றிச் சுற்றி வந்து, நாக்குத் தள்ளி, அலுத்துப் போய்விடும்.

அந்த வட்டத்துக்கு விதி ஒன்றே ஒன்று. யாரும் அசையக் கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் தலையை ஆட்டக் கூடாது. பார்ப்பதற்கு வீரமான வேலை இல்லைதான். ஆனால் பன்னிரண்டு கோடையாக அந்தக் கூட்டத்தில் ஒரு கன்றுகூடச் செந்நாய்க்குப் போகவில்லை.

அந்தக் கூட்டத்தில் கோணக்கொம்பி என்று ஒரு பசு இருந்தது. அதன் இடது கொம்பு கீழ்நோக்கிக் கோணியிருக்கும். அது மூன்று கன்று ஈன்றது. முதல் கன்று பிறக்கும்போதே மூச்சில்லை. இரண்டாவதைக் காட்டாற்று வெள்ளம் கொண்டு போனது. மூன்றாவது வாயில் புண் வந்து செத்தது. பட்ட காலிலே படும் என்பார்களே, அந்த மாதிரி. இப்போது நாலாவது வயிற்றில் இருந்தது.

"இதுவாவது தங்குமா பெரியம்மா?" என்று அது தலைப்பசுவிடம் கேட்டது.

"நோயும் வெள்ளமும் நம்ம பேச்சைக் கேட்காது. நாய்க்கு மட்டும் நீ பயப்படாதே. வட்டம் இருக்கு" என்றது தலைப்பசு.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கோணக்கொம்பி நாட்களைக் கடத்தியது.

அப்போதுதான் காட்டுக்கு ஒரு நாட்டுமாடு வந்தது. வெள்ளையில் சாம்பல் கலந்த மயிலை நிறக் காளை. ஊரில் அதன் பெயரே மயிலை. விலா எலும்பு தெரிந்தது. கால்களில் முள் கீறிய கோடுகள். கழுத்தில் என்னவோ தொங்கியது. அதன் முதுகில் ஒரு உண்ணிக்கொக்கு உட்கார்ந்திருந்தது.

காட்டுமாடுகள் சூழ்ந்துகொண்டன.

"கழுத்திலே என்ன கொடி?" என்று கேட்டது துடியன். அது கூட்டத்தின் இளங்காளைகளுக்குத் தலைவன்.

"கொடி இல்லீங்க, கயிறு!"

"கயிறா? அது எதுக்கு?"

"கட்டிப் போடறதுக்குங்க. ஊருக்குள்ளே கட்டுத்தறின்னு ஒண்ணு இருக்குது. மண்ணிலே ஒரு முளையை அடிச்சு, அதிலே கயித்தைக் கட்டி, கயித்தோட மறுமுனையை நம்ம கழுத்திலே கட்டிருவாங்க. கயிறு எவ்வளவு நீளமோ, அவ்வளவுதானுங்க நமக்கு உலகம்."

"ஐயோ, பாவம்!" என்றது கோணக்கொம்பி.

அந்தப் 'பாவம்' மயிலையைச் சுட்டுவிட்டது. அது கழுத்தை நிமிர்த்தியது. திமிலை ஒரு குலுக்குக் குலுக்கியது.

"பாவமா? யாரைப் பார்த்துச் சொல்றீங்க? நான் தறிகெட்டு ஓடி வந்தவனுங்க!"

"தறிகெட்டா? அப்படின்னா?"

"முளையைப் பிடுங்கிக்கிட்டு ஓடறதுங்க! வேலின்னு பார்க்காம, வாய்க்கால்னு பார்க்காம, முன்னாலே யாரு பின்னாலே யாருன்னு பார்க்காம ஓடறது! நான் ஓடினப்போ ஊரே நடுங்குச்சுங்க!"

ஊர் நடுங்கியதோ, மயிலைதான் நடுங்கியதோ! விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்கிறவர்கள் மனிதரில் மட்டுமா இருக்கிறார்கள்? உண்மை தெரிந்தது அந்தக் கொக்குக்கு மட்டும்தான். அது சிறகுக்குள் அலகை விட்டுக் கோதிக்கொண்டிருந்தது.

இளங்காளைகளுக்கு வாய் பிளந்துவிட்டது. பிறந்தது முதல் அவை கேட்டதெல்லாம் 'நில்', 'அசையாதே', 'கூடு' என்ற சொற்கள்தான். இப்படி ஒரு சொல்லை அவை கேட்டதே இல்லை.

"இன்னொரு தரம் சொல்லுங்க மாமா!" என்றது துடியன்.

"தறிகெட்டு!" என்றது மயிலை.

அன்று முதல் மயிலை கூட்டத்தில் ஒன்றாகிவிட்டது. வட்டத்திலும் அதற்கு ஓர் இடம் கொடுத்தன. கோணக்கொம்பிக்கு வலது பக்கம்.

தை மாதத்தில் கோணக்கொம்பி கன்று ஈன்றது. செம்மண் நிறத்தில் ஒரு காளைக்கன்று. பிறந்த அரை நாழிகையில் எழுந்து நின்றது. நின்ற கையோடு தும்மியது.

"எங்க ஊரிலே இந்த நிறத்துக் கன்னைச் செவலைன்னு கூப்பிடுவாங்க அக்கா" என்றது மயிலை.

"செவலை! நல்லா இருக்கே!" என்று கோணக்கொம்பி கன்றை நக்கிக் கொடுத்தது. மயிலைக்குக் கண் கலங்கியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. 

அதற்குள் மயிலை கொண்டு வந்த சொல் காடு முழுவதும் பரவிவிட்டது. ஓட்டத்துக்குத்தான் அந்தச் சொல் என்பதே மறந்து போயிற்று. பசித்தால் "தறிகெட்டுப் பசிக்குது!" தண்ணீரில் இறங்கினால் "தறிகெட்டுக் குளிச்சேன்!" இளம்புல் துளிர்த்தால் "புல்லு தறிகெட்டு வளர்ந்திருக்கு!" தூங்கி எழுந்தாலும் அதே சொல்தான். தறிகெட்டுத் தூங்குவது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தலைப்பசு முகம் சுளித்தது. "முளையும் கிடையாது, கயிறும் கிடையாது. நமக்கு எதுக்கு இந்தச் சொல்?" என்று கேட்டது. ஆனால் ஒருநாள் மழை கொட்டியபோது அதன் வாயிலிருந்தே, "அப்பாடி! தறிகெட்டுக் கொட்டுதே!" என்று வந்துவிட்டது. கூட்டமே சிரித்தது. பிறகு அது யாரையும் கண்டிக்கவில்லை.

கோணக்கொம்பிக்கு மட்டும் மனதில் ஒரு முள் நெருடியது. அது உண்ணிக்கொக்கைத் தனியாகப் பிடித்தது.

"நீ ஊருக்கும் காட்டுக்கும் போய் வர்றவன். உண்மையைச் சொல்லு. அது நல்ல வார்த்தைதானா?"

கொக்கு ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. மயிலையின் முதுகில் கொழுத்த உண்ணிகள் இருந்தன. உண்மையைச் சொன்னால் மயிலையைத் துரத்திவிடுவார்கள். மயிலை போனால் உண்ணியும் போகும்.

"ஊரிலே எல்லாரும் சொல்ற வார்த்தைதான். பெரியவங்க, சின்னவங்க எல்லாரும் சொல்றாங்க!" என்றது கொக்கு.

பொய் இல்லை. ஆனால் யார் எப்போது அழுதுகொண்டு சொல்கிறார்கள் என்பதை அது சொல்லவில்லை.

கோணக்கொம்பியின் மனம் ஆறிவிட்டது. மறுநாள் முதல் அதுவும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. கன்றுக்கு விளையாட்டுக் காட்ட!

காலையில் வெயில் ஏறியதும் அது செவலையைத் தன் முன்னால் நிறுத்தும். தூரத்தில், ஓடைக்கரையில் ஒரு பட்ட மரத்தின் அடிக்கட்டை இருந்தது.

"எங்கே, என் ராசா ஓடட்டும் பார்க்கலாம். தறிகெட்டு!"

செவலை வாலைத் தூக்கிக்கொண்டு பாயும். நாலு காலும் நாலு திசையில் போகும். கட்டையைச் சுற்றிவிட்டு வந்து தாயின் மடியில் முட்டும்.

"இன்னொரு தரம் அம்மா! இன்னொரு தரம்!"

"தறிகெட்டு!"

மறுபடியும் பாயும். எத்தனை தடவை சொன்னாலும் அத்தனை தடவை ஓடும். மூன்று கன்று போன பசுவுக்கு அந்த ஓட்டத்தைப் பார்த்து எவ்வளவு மகிழ்ச்சி இருந்திருக்கும்! அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'கூடு' என்ற சொல்லைக் கற்பதற்கு முன்னால் செவலை 'தறிகெட்டு' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டது.

ஒருநாள் இளங்காளைகள் ஓடைக்கரையில் கூடிப் பேசிக்கொண்டிருந்தன.

"வட்டமா நின்னுக்கிட்டே இருக்கோமே, அதுவும் ஒரு கட்டுத்தறிதானே!" என்றது துடியன். "கயிறு ஒண்ணுதான் இல்லை. நாய் வந்தா நிக்கணுமாம். நமக்குக் கொம்பு எதுக்கு, காலு எதுக்கு? என்ன மாமா, சரிதானே?"

எல்லாம் மயிலையின் முகத்தைப் பார்த்தன. மயிலைக்கு 'வேண்டாம்டா பசங்களா' என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், தான் இத்தனை நாள் கட்டிய கோட்டை மண்ணாகிவிடும்.

"நீங்க எல்லாம் வீரனுங்கப்பா!" என்று சொல்லிவிட்டுப் புல்லைக் கடித்தது.

ஓடைக்கு அப்பால் புதரில் இரண்டு காதுகள் அசைந்தன. செந்நாய்த் தலைவன்! அது கேட்டதை எல்லாம் தன் கூட்டத்திடம் போய்ச் சொன்னது.

"பன்னிரண்டு வருஷமா அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி நம்ம காலுதான் தேய்ஞ்சுது. இப்ப அவங்களே ஓடறதுக்கு ஆசைப்படறாங்க! அந்தச் சொல்லைக் கொண்டு வந்தவன் வாய்க்குச் சர்க்கரை போடணும்!"

பங்குனி மாதம். ஓடை வற்றிக் குட்டையாகச் சுருங்கியிருந்தது. நடுப்பகலில் கூட்டம் முழுவதும் குட்டைக்கரையில் நின்றபோது சீழ்க்கை கேட்டது. ஒரு பக்கம் இல்லை, நாலு பக்கமும்!

"கூடு!" என்றது தலைப்பசு.

வட்டம் நின்றது. விலாவோடு விலா ஒட்டிக்கொண்டது. செவலை நடுவில் நின்று எல்லோருடைய வாலையும் பார்த்தது.

"அம்மா, என்ன விளையாட்டு இது?"

"பேசாதே ராசா. அசையாம இரு" என்றது கோணக்கொம்பி. அது தலையைத் திருப்பவில்லை.

நாய்கள் வந்தன. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்று சுற்று. வட்டம் அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவை அலுத்துத் திரும்பியிருக்கும். ஆனால் செந்நாய்த் தலைவன் துடியனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டது.

"என்ன துடியா! தறிகெட்டு ஓடற வீரன்னு கேள்விப்பட்டேன். கிழட்டுப் பசு 'கூடு'ன்னா கூடிக்கிறே! யாரு உனக்கு முளை அடிச்சது?"

"பேசட்டும்! அசையாதே!" என்றது தலைப்பசு.

"கயிறு எவ்வளவு நீளம் துடியா?" என்றது நாய். மற்ற நாய்கள் எல்லாம் சிரித்தன.

துடியனின் கண் சிவந்தது. அது காலால் மண்ணைப் பறித்தது. "தறிகெட்டு!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தது. பின்னாலேயே நாலு இளங்காளைகள், "தறிகெட்டு! தறிகெட்டு!" என்று பாய்ந்தன. நாய்கள் சண்டைக்கு நிற்கவில்லை. வழிவிட்டன. காளைகள் வெறுங்காற்றை முட்டிக்கொண்டு மூங்கில் காட்டுக்குள் ஓடின.

அந்தக் கணத்தில் இருபது நாய்களும் ஒன்றாகச் சீழ்க்கை அடித்தன. திருவிழாவில் வாணம் சீறிக்கொண்டு மேலே போகும் அல்லவா, அந்த ஓசை! மயிலைக்குக் கண் இருண்டது. கால்கள் தாமாகக் கிளம்பின. எங்கே போகிறோம் என்று தெரியாமல் அது ஓடியது. கோணக்கொம்பியின் வலது பக்கம் காலியாகிவிட்டது.

நடுவில் நின்ற செவலைக்கு எதுவும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. தனக்குத் தெரிந்த சொல்லை எல்லோரும் சொல்கிறார்கள்! எதிரே ஒரு வழியும் திறந்திருக்கிறது!

அது வாலைத் தூக்கியது. நாலு காலும் நாலு திசையில் போக, தாயைத் தாண்டி வெளியே பாய்ந்தது.

"செவலை! நில்லு! நில்லுடா!" என்று கோணக்கொம்பி அலறியது.

'நில்லு' என்ற சொல்லை அந்த விளையாட்டில் அது ஒருநாளும் சொன்னதில்லை. கன்று திரும்பவில்லை. வழக்கம்போலப் பட்ட மரத்தின் கட்டையை நோக்கி ஓடியது. கட்டையைச் சுற்றியது. திரும்பி வருவதற்குள் நாய்கள் நடுவில் வந்துவிட்டன.

"அம்மா!" என்று ஒரு தரம் கேட்டது. இரண்டாம் தரம் கேட்கவில்லை.

கோணக்கொம்பி ஓடியது. இரண்டு நாய்களைக் குத்தி எறிந்தது. மூன்றாவதை மிதித்தது. ஆனால் மற்றவை அவசரமாகத் தின்றுவிட்டு ஓடிப்போயின. அது கட்டையின் அருகே நின்றது. மூன்று நாள் அங்கேயே நின்றது. மடி கனத்துப் பால் தானாகச் சொட்டி மண்ணை நனைத்தது. குடிக்கத்தான் வாய் இல்லை.

துடியனும் மற்றக் காளைகளும் தலை குனிந்து திரும்பி வந்தன. இனிமேல் வட்டத்தைவிட்டு அசைவதில்லை என்று சத்தியம் செய்தன. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

நாலாம் நாள் மயிலை வந்தது. கட்டையைச் சுற்றி மண்ணில் கிடந்த சின்னக் குளம்படிகளைப் பார்த்தது. எல்லாம் அதற்குப் புரிந்துவிட்டது. கோணக்கொம்பியின் எதிரே மடங்கி விழுந்தது.

"அக்கா, என்னைக் குத்திக் கொன்னுருங்க!"

கோணக்கொம்பி கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் வீரன் இல்லீங்க அக்கா. எங்க ஊர்த் திருவிழாவிலே வாணம் விட்டாங்க. அந்தச் சத்தத்துக்கு மிரண்டுபோய் முளையைப் பிடுங்கிக்கிட்டு ஓடினேன். அதே முளையிலேதான் என்னோட ஜோடி காரியையும் கட்டியிருந்தாங்க. ரெண்டு பேரும் கன்னுக்குட்டியிலிருந்து ஒண்ணாவே வளர்ந்தோம். நான் இழுத்த இழுப்புக்கு அவனும் வந்தான். 'நில்லுடா மயிலை, நில்லுடா'ன்னு கத்திக்கிட்டே வந்தான். முன்னாலே கிணறு இருந்துச்சு. நான் சுத்திக்கிட்டுத் தாண்டிட்டேன். அவன் உள்ளே போயிட்டான். அவன் கனத்திலே அறுந்ததுதானுங்க இந்தக் கயிறு."

மயிலை அறுந்த கயிற்று நுனியைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னது.

"விடிஞ்சதும் எங்க வீட்டுக்காரர் கிணத்தடியிலே உட்கார்ந்து தலையிலே அடிச்சுக்கிட்டு அழுதாரு. 'தறிகெட்டு ஓடி இப்படிப் பண்ணிருச்சே'ன்னு அழுதாரு. நான் புதருக்குப் பின்னாலே நின்னு கேட்டேன். அந்த வார்த்தையை அங்கேதான் கேட்டேனுங்க. எங்க ஊரிலே அதைப் பெருமையா யாரும் சொல்ல மாட்டாங்க. குடி கெட்டாத்தான் சொல்லுவாங்க. பிள்ளை கெட்டாத்தான் சொல்லுவாங்க."

கோணக்கொம்பி அதன் பக்கம் திரும்பியது.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லியிருந்தா என்னைச் சேர்த்திருக்க மாட்டீங்களே அக்கா."

"சேர்த்திருப்போம்" என்றது கோணக்கொம்பி. "உன்மேல இரக்கப்பட்டுச் சேர்த்திருப்போம். அந்த வார்த்தையைச் சேர்த்திருக்க மாட்டோம். என் கன்னு இருந்திருக்கும்."

 உண்ணிக்கொக்கு அதற்குள் பறந்துவிட்டது. அதற்கென்ன, வேறொரு முதுகு கிடைக்கும்.

கோணக்கொம்பி மயிலையைக் குத்தவில்லை. மன்னிக்கவும் இல்லை. திரும்பி நடந்தது. அதற்கு மேல் அது கன்று ஈனவில்லை.

மயிலை ஊருக்குப் போகவில்லை. கூட்டத்திலும் சேரவில்லை. காட்டின் ஓரத்தில் ஒரு வேங்கை மரத்தடியில் நின்றது. அந்த மரத்தைச் சுற்றி ஒரு கயிறு நீளத்துக்கு மட்டும் மேய்ந்தது. அங்கே முளை இல்லை. கட்டியவரும் இல்லை. அந்த வட்டத்துக்குள் புல் தீர்ந்து மண் தெரிந்தது. வெளியே பச்சைப் புல் முழங்கால் உயரம் நின்றது. அது தாண்டவில்லை.

சொல் மட்டும் காட்டைவிட்டுப் போகவில்லை. தலைப்பசு அதைத் தடுத்துப் பார்த்தது. வாயில் ஊறிய சொல் அவ்வளவு சுலபமாகப் போகுமா? மறு தையில் வேறு கன்றுகள் பிறந்தன. ஒருநாள் காலை ஒரு புதுத் தாய், நடந்தது எதுவும் நினைவில்லாமல், தன் கன்றைப் பார்த்துக் கொஞ்சலாக, "எங்கே, தறிகெட்டு!" என்றது. மேய்ந்துகொண்டிருந்த கோணக்கொம்பி சட்டென்று தலையைத் தூக்கிப் பட்ட மரத்தின் கட்டையைப் பார்த்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றது.

தன் வெட்கத்தை வீரம் என்று சொல்லித் திரிகிறவனின் சொல்லை, அவன் எதை இழந்து அதைக் கற்றான் என்று கேட்காமல் நம் வாயில் எடுத்துக்கொண்டால், அவன் இழந்ததையே நாமும் இழப்போம்.